ரயிலுக்கு முழிக்கிற பிள்ளை

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் மாத்தளை ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு கொய்யா மரம் நிற்கிற அளவுதான் இடம். மஹய்யாவவில் அந்த வரிசையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இதே கதிதான். ரயில் வந்தால் கூரைத் தகரம் அதிரும், அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும், கட்டில் கால் தரையில் தடதடவென்று அடிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ரயிலைக் கண்டாலே எனக்கு எரிச்சல். போகப் போகப் பழகிவிட்டது. இப்போது அதன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் வேறு. என் மகளின் ஏழு மாதத்தை அது கொண்டு போய்விட்டது. ரயிலைச் சொல்லி என்ன செய்ய, கொடுத்தவள் நான். அதுவும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

மகள் பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பப்போகிற காலையில், ஒரு நர்ஸ் மிஸ்ஸி கையில் சின்னப் பெட்டியோடு வார்டுக்கு வந்தார். பிள்ளையின் காதுக்குள் மெத்தென்று ஒரு முனையை வைத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றக் காதிலும் வைத்தார். திரும்பவும் முதல் காதில் வைத்தார். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கொஞ்ச நேரத்தில் முடிந்த வேலை என் பிள்ளைக்கு மட்டும் முடியவில்லை. பிறகு அவர் சிங்களத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டு காதிலும் பதில் வரவில்லை, பிறக்கும்போது போன தண்ணீர் காதுக்குள் நின்றாலும் இப்படிக் காட்டும், பயப்பட வேண்டாம், ஆனால் பிள்ளைக்கு நாலு கிழமை ஆகும்போது கட்டாயம் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். பிள்ளையின் கார்டில் திகதியை எழுதி, அதன் அடியில் இரண்டு கோடும் இழுத்தார். நான் நகரசபை நூலகத்தில் வேலை செய்கிறவள், எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஒரு சொல் விடாமல் விளங்கியது. விளங்காமல் போயிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய தங்கச்சி. மாமியும் மாமாவும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் கணவர் டவுனில் ஒரு புடவைக் கடையில் கணக்குப்பிள்ளை. தங்கச்சியைக் கரையேற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு எந்நேரமும் யோசனை. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது முடிந்திருந்தது. ஊரில் அவளைப் பார்த்தவர்களெல்லாம் "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்டுக் கேட்டே அவளை வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள்.

மிஸ்ஸி எழுதிக் கொடுத்த திகதி பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாள். முப்பது கழியவில்லை. முப்பது கழிந்து, வீடு கழுவி, தலைக்கு ஊற்றி, பிள்ளைக்குப் பேர் வைக்காமல் எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளையை வாசல் தாண்டித் தூக்க மாட்டார்கள். இரண்டு நாள்தானே, கழியட்டும் என்றார் கணவர். நானும் சரி என்றேன். அந்த இரண்டு நாள் போகட்டும், மன்னிக்கலாம். முப்பத்தொன்றாம் நாள் போயிருக்கலாமே? போகவில்லை. ஏனென்றால் அதற்குள் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்துபோயிருந்தது. பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ரயில் வந்தால் முழிக்கிறாளே!

காலை ரயிலுக்குக் கையைக் காலை உதறிக்கொண்டு முழிப்பாள். மத்தியான ரயிலுக்கு முகம் சுளித்து அழுவாள். ரயில் நேரத்துக்கு வராவிட்டால் நன்றாகத் தூங்குவாள். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வீட்டுக்கு வருகிற மிட்வைஃப் மிஸ்ஸி கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டபோது, என் கணவர் அவரை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, "கொஞ்சம் இருங்க மிஸ்ஸி, இப்ப வரும் பாருங்க" என்றார். வந்தது. பிள்ளை திடுக்கிட்டு முழித்தாள். நாங்கள் மூன்று பேரும் வித்தை காட்டி முடித்தவர்களாக மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தோம். அந்த மனுஷி சிரிக்கவில்லை. ரயிலை வைத்துக் காது பார்க்க ஏலாது, அங்கே கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு, குடிக்காத தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவர் படி இறங்கிய பிறகு நாங்கள் சிரித்தோம். இந்த மிஸ்ஸிமாருக்குப் பயம் காட்டாவிட்டால் பொழுது போகாது என்று சொன்னது நான்தான். நினைத்தால் இப்பவும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கார்டு அலுமாரிக்குள் போனது. பிறகு எனக்கு லீவு முடிந்தது, பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போய்வரத் தொடங்கினேன். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாள், ஆளைப் பார்த்தால் சிரித்தாள், குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள். வேறு யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அக்கா பிள்ளைக் காம்பரா பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற மண்டபம் அது. அக்காவுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், கோயில் கோயிலாக ஏறி இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது ஒரு லீவு நாளில் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா வேலையில் இருந்ததால் நேரே காம்பராவுக்கே போய்விட்டேன்.

மத்தியானம். கூரைக் குறுக்குமரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒன்றில் என் மகளையும் போட்டுத் தூங்க வைத்தாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் மூலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போது, குசினியில் வேலை செய்கிற பெண் கைதவறிப் பெரிய அலுமினிய பேசினைக் கீழே போட்டாள். சிமெந்துத் தரையில் அது விழுந்து, சுற்றி, அடங்கிய சத்தத்தில் எனக்கே நெஞ்சு அடைத்தது. எல்லாத் தொட்டிலும் ஒன்றாக வீறிட்டன. அக்காவும் அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றாக ஆட்டி, தூக்கி, தட்டிக்கொடுத்து ஓய்ந்தார்கள். என் மகளின் தொட்டில் மட்டும் அசையவில்லை. எட்டிப் பார்த்தேன், வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியாக்கா எம் புள்ளய, எவ்வளவு சமத்து" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கையில் இருந்த பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு, அந்த பேசினையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். என் மகளின் தலைமாட்டில் நின்று ஓங்கி அடித்தாள். சுற்றியிருந்த பிள்ளைகள் மறுபடி அலறின. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் அடித்தாள். என் மகளின் கண்ணிமை ஆடவில்லை.

"இவளுக்குக் காது கேக்கலடி" என்றாள் அக்கா.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். ரயிலுக்கு முழிக்கிற பிள்ளையைச் செவிடு என்கிறாயே என்று ஆரம்பித்தேன். அந்தக் கரண்டியை அக்கா இன்னும் கையில் பிடித்திருந்தது என்னைக் கிளப்பிவிட்டது. சொல்லக்கூடாததைச் சொன்னேன். "ஒண்ணு பெத்திருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். அந்தக் குசினிப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா பிள்ளையின் பால் போத்தலைக் கழுவி என் பையில் வைத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னாள். நான் சாப்பிடாமல் இறங்கி வந்தேன். அந்த வார்த்தைக்கு இன்றுவரை அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை.

பஸ்ஸில் வழி நெடுக மகளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன். மெதுவாகக் கூப்பிட்டேன், பிறகு சத்தமாக. முன் ஸீட்டில் இருந்தவர் திரும்பினார், அவள் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் கொய்யா மரத்தடியில் போய் நின்றேன். கட்டில் இல்லை, தரை இல்லை, தடதடப்பு இல்லை. அவள் முகம் சுவர்ப் பக்கம். சாயந்தர ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அவள் என் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஒரு தரம்கூட விரல் நிற்கவில்லை. ஏழு மாதமாக அவள் முழித்தது சத்தத்துக்கு இல்லை, கட்டில் ஆடியதுக்கு.

ஆஸ்பத்திரியில் கார்டை நீட்டியபோது, காது பார்க்கிற மிஸ் அந்த இரண்டு கோடு போட்ட திகதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சின்ன வயசுப் பெண், தமிழ் கொஞ்சம் பழகியிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டார். ரயில் என்றேன். என்ன சொல்கிறாள் இவள் என்று அவர் முழிக்க, நான் விளக்கிச் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. மூன்று மாதத்துக்குள் தெரிந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் காதுக்கு மெஷின் போட்டிருக்கலாம், பேச்சு வருவதற்கு மூளை பழகுகிற காலம் இதுதான், காது கேட்காமல் போகிற ஒவ்வொரு மாதமும் பிறகு பிடிக்க ஓட வேண்டிய மாதம் என்றார். தூங்குகிற பிள்ளையின் தலையில் வயர் ஒட்டிப் பார்க்கிற பரிசோதனைக்கு மூன்று தரம் போனோம். இரண்டு தரம் அவள் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மூன்றாம் தரம் காலையிலிருந்து அவளைத் தூங்கவிடாமல், முகத்தில் தண்ணீர் தெளித்து, கிள்ளி, நானும் அழுது அவளையும் அழவைத்துக் கொண்டு போனேன். இரண்டு காதும் மோசம், ஆனால் மெஷின் வைத்தால் பேச்சுக் கேட்கும் என்று முடிவு வந்தது. காதுக்கு அச்சு எடுத்து, மெஷின் வந்து, போட்டு முடிக்கும்போது அவளுக்குப் பத்து மாதம்.

முழித்திருக்கிற நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும், குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்ற வேண்டும். மிஸ் இதை என்னிடம் மூன்று தரம் சொன்னார், நான் நாத்தனாரிடம் முப்பது தரம் சொன்னேன். காலையில் நானே போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். சாயந்தரம் வரும்போது இரண்டு காதிலும் மெஷின் இருக்கும். மனசுக்குள் ஒரு நிம்மதி. விட்டதைப் பிடிக்கத் தொடங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பிள்ளை சத்தத்துக்குத் திரும்பக் காணோம். கூப்பிட்டால் பார்க்கக் காணோம். மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன்.

மூன்று மாதம் கழித்து மிஸ் அந்த மெஷின்களைக் கொம்பியூட்டரில் மாட்டினார். திரையைப் பார்த்தார். பேனையை எடுத்தார், வைத்தார். வீட்டில் மெஷின் போடுவது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன், நாள் முழுக்கப் போட்டிருக்கிறாள் என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு நாளைக்கு மெஷின் எவ்வளவு நேரம் வேலை செய்தது என்று அதுவே எழுதி வைத்துக்கொள்ளுமாம். ஒன்றரை மணித்தியாலம் என்று இருந்தது.

உங்கள் கொம்பியூட்டர் பிழை என்று சொன்னேன். சொல்லும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டேன். காலையில் நான் போட்டுவிட்டுப் புறப்படுகிற நேரமும், சாயந்தரம் நான் வந்தபிறகு அவள் தூங்குகிற வரைக்குமான நேரமும் கூட்டினால் சரியாக ஒன்றரை வந்தது.

அடுத்த நாள் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். முன் கதவு சாத்தியிருந்தது, குசினி வழியாகப் போனேன். நாத்தனார் பாயில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிலாக் கதையும் காக்காக் கதையும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் இரண்டு காதும் வெறுமை. மெஷின்கள் இரண்டும் அலுமாரியில், ஒரு கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றிக் கிடந்தன. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை, அவ்வளவு பேசினேன். அவள் சோற்றுக் கையோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "அண்ணன்தான் கழட்டி வைக்கச் சொன்னாரு அண்ணி" என்றாள்.

சரியாக அந்த நேரத்தில் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நின்றார். மறைக்கவில்லை. மறைத்திருந்தால் சண்டை போட இலகுவாக இருந்திருக்கும். தரகர் அடிக்கடி வந்து போகிறார், கூடவே யாரையாவது கூட்டி வருகிறார், அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள், பிள்ளையின் காதில் மெஷினைப் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் செவிடு இருக்கிறது என்று ஊரெல்லாம் போய்விடும், பிறகு தங்கச்சியை எவன் கட்டுவான் என்றார். மாத்தளையில் கடை வைத்திருக்கிற நல்ல இடம் ஒன்று கூடி வருகிறது, முடியட்டும், பிறகு இருபத்துநாலு மணித்தியாலமும் போடு, யார் வேண்டாம் என்றது என்றார். ஆறு மாதம், மிஞ்சிப் போனால் ஆறு மாதம்.

"அவளுக்கு அந்த ஆறு மாசம் இல்லீங்க" என்றேன்.

"நீ ஏழு மாசம் ரயிலக் காட்டி ஏமாந்துகிட்டு இருந்த. நான் ஆறு மாசம் கேட்டா மட்டும் குத்தமா?"

அவரும்தான் ரயிலைக் காட்டினார். மிஸ்ஸியை உட்கார வைத்தது அவர்தான். ஆனால் அதைச் சொல்லத் தோன்றவில்லை. கார்டைக் கையில் வாங்கியவள் நான். அவர் சாப்பிடாமல் கடைக்குத் திரும்பிப் போனார். நாத்தனார் எழுந்து கையைக் கழுவிவிட்டு, கைக்குட்டையை அவிழ்த்து மெஷின்களை என் முன்னால் வைத்தாள்.

ஒரு கிழமை லீவு போட்டேன். அந்தக் கிழமை முழுக்க மகள் கண் திறந்ததிலிருந்து கண் மூடும் வரை மெஷின் காதில்தான். யார் வந்தாலும் கழற்றவில்லை. வந்தவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், "ஐயோ பாவம்" என்றார்கள். கணவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சனிக்கிழமை அவரே வாயைத் திறந்தார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள், உன் சிநேகிதி அம்பிட்டியவில் இருக்கிறாளே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு இரண்டு மணித்தியாலம் அங்கே போய் இருந்துவிட்டு வா, நான் கழற்றச் சொல்லவில்லை, அதுவே போதும் என்றார். இது நியாயமாகத்தான் பட்டது. நாத்தனார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படுமுன் அவளுக்கு நான்தான் சேலை மடித்துக் கட்டிவிட்டேன். பூ வைத்தேன். டவுனுக்கு இறங்கி, அம்பிட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மகள் மடியில், முகம் ஜன்னல் பக்கம். பஸ் நிரம்பவில்லை, புறப்படுகிற மாதிரித் தெரியவில்லை. கண்டக்டர் பின் வாசலில் தொங்கிக்கொண்டு "அம்பிட்டிய, அம்பிட்டிய" என்று கூவினான்.

மகள் தலையைத் திருப்பினாள்.

ஆட்டம் இல்லை, இஞ்சின் இன்னும் கிளப்பவில்லை. அவன் மறுபடி கூவினான். அவள் என் தோளுக்கு மேலாக எட்டி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். தேடிக் கண்டுபிடித்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று மாதத்தில் முதல் தரம். ஒரே ஒரு கிழமை ஒழுங்காகப் போட்டதுக்கு! அந்த மூன்று மாதமும் அலுமாரிக்குள் கைக்குட்டையில் கிடந்ததை நினைக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்றைக்கு இரண்டு மணித்தியாலம் ஒளிக்கிறேன். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நாள் ஒளிப்பேன். கல்யாணத்துக்கு ஒரு கிழமை ஒளிப்பேன். பிறகு நாத்தனாரின் மாமியார் வீட்டார் வரும்போதெல்லாம் ஒளிப்பேன். எழுந்து இறங்கிவிட்டேன்.

முன் வாசல் வழியாகத்தான் போனேன். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் கதிரைகளில் இருந்தார்கள், தேத்தண்ணி கொடுத்து முடிந்திருந்தது. கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி மனுஷி, பிள்ளையைப் பார்த்துக் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு காதைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். பிறவியிலேயே என்றேன், மெஷின் போட்டால் கேட்கும் என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார். இது உங்கள் வீட்டுப் பக்கமா, இவர்கள் பக்கமா?

எங்கள் பக்கம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் தாய்மாமன் ஒருவர் செவிடு என்று ஒரு பொய்யை வாயில் போட்டிருந்தால், அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் வைத்துவிட்ட பூவோடு. அந்த நேரம் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வீறாப்பு வந்ததோ. இனி இந்த வீட்டில் எதையும் மறைக்கப் போவதில்லை என்று நின்றேன். "ரெண்டு பக்கமும் இருக்கலாம்னுதான் டொக்டர் சொன்னாரு" என்றேன். உண்மைதான். அந்த உண்மை அன்றைக்கு யாருக்குத் தேவைப்பட்டது?

அவர் பிள்ளையை என்னிடம் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தார். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டு கிழமை கழித்துத் தரகர் வந்தார், ஜாதகம் பொருந்தவில்லையாம். முன்பு பொருந்தியதே என்று யாரும் கேட்கவில்லை.

நாத்தனார் என்னோடு பேசவில்லை. ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே குசினி. உப்பு வேண்டுமென்றால் அவளே எடுத்துக்கொள்வாள், நான் கேட்டால் நகர்த்தி வைப்பாள். எனக்குப் பயம் வந்தது, பிள்ளையை இனி யாரிடம் விடுவது என்று. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பெண் பார்த்துப் போன மறுநாள் திங்கட்கிழமையே, நான் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் பிள்ளையை மடியில் போட்டு இரண்டு காதிலும் மெஷினைத் தானே மாட்டினாள். எனக்குக் காட்டுவதற்காக மாட்டினாளா, உண்மையாகத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. அடுத்த தரம் மிஸ் கொம்பியூட்டரில் மாட்டும்வரை நம்பாமல்தான் இருந்தேன். பத்து மணித்தியாலம், பதினொரு மணித்தியாலம் என்று வந்தது. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மிஸ் ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அவங்க அத்தை என்றேன்.

வீட்டில் அவளுக்குப் பேச வேறு ஆள் இல்லை. என்னோடு பேச மாட்டாள். அண்ணனோடும் அளவோடுதான். பெண் பார்த்துப் போய் வேண்டாம் என்று சொன்னது தெரிந்தபிறகு வெளியிலும் இறங்குவதில்லை. ஆகவே பேச்செல்லாம் பிள்ளையோடுதான். அரிசி களைந்தால் அதைச் சொல்வாள், துணி காயப்போட்டால் அதைச் சொல்வாள், அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிய புகாரையும் பிள்ளையிடமே சொல்வாள். நான் சாயந்தரம் படியேறும்போது அந்தக் குரல் கேட்கும். நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிடும். எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. நல்லதுதான் நடக்கிறது என்று தெரிந்தும் தாங்க முடியாமல் இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லப் பல தரம் வாயெடுத்தேன். எதற்கு மன்னிப்பு? அன்றைக்குத் திரும்பி வந்ததுக்கு இல்லை. மெஷினோடு வந்ததுக்கு இல்லவே இல்லை. அந்த ஒரு பதிலுக்கு. அதை எப்படிப் பிரித்துச் சொல்வது என்று தெரியாமலே மாதங்கள் போயின. கணவர் என்னோடு பேசத் தொடங்கிவிட்டார், ஆனால் ஏதாவது சின்னச் சண்டை வந்தால் உடனே அந்த ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்துவிடும்.

பிள்ளைக்குப் பதினெட்டு மாதம் ஆனது. மற்றப் பிள்ளைகள் அந்த வயதில் வாய் ஓயாமல் பேசுகின்றன. எங்கள் வரிசையில் அவளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகூட அம்மா, அப்பா, பூனை என்று கூப்பிட்டது. என் மகளிடமிருந்து சத்தம் வந்தது, சொல் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சாயந்தரம் முகத்துக்கு நேரே உட்கார்ந்து "அம்மா, அம்மா" என்று அவளைப் படுத்தியெடுப்பேன். அவள் என் உதட்டைப் பிடித்து இழுத்து விளையாடுவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். பிள்ளைமேல் கோபம் வரலாமா? வந்தது. பொறுமையாக இருக்கச் சொன்னார் மிஸ். பொறுமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு புதன்கிழமை காலை. நூலகத்தில் பத்திரிகை வாசிக்கிற அறை நிறைந்திருந்தது. பென்ஷன்காரர்கள், ஏ லெவல் படிக்கிற பிள்ளைகள், கதிரை கிடைக்காமல் ஜன்னலோரம் நிற்கிறவர்கள். நான் முன் மேசையில் புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் நாத்தனார், இடுப்பில் பிள்ளையோடு. வீட்டுச் சேலைதான், தலைகூட வாரவில்லை. மஹய்யாவவிலிருந்து அந்தக் கோலத்தில் டவுனுக்குள் நடந்தே வந்திருக்கிறாள், மாதக்கணக்காகப் படி இறங்காதவள். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து ஓடினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "சொல்லு" என்றாள். பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தாள். "சொல்லுடி ராசாத்தி. நான் யாரு?"

"அத்த" என்றாள் மகள். அறை முழுக்கக் கேட்கிற குரலில், தெளிவாக, தன் கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு. பத்திரிகைகளெல்லாம் தாழ்ந்தன. "அத்த. அத்த. அத்த."

நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். பெண் பார்த்த அன்றைக்கு அழவில்லை, தரகர் வந்த அன்றைக்கும் அழவில்லை. நான் எவ்வளவோ நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வாய்வரை வந்தது. ஆனால் அந்த நேரம் என் மனசுக்குள் முதலில் எழுந்தது அது இல்லை. ஏன் 'அம்மா' இல்லை என்றுதான் முதலில் எழுந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பிறகுதான் புத்தி வந்தது. நாளுக்குப் பதினொரு மணித்தியாலம் அவளோடு பேசினவள் யார்?

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா அண்ணி?" என்றாள்.